விலக்கில் நின்ற நெருப்பு

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற முள்ளூரணி விலக்கில் லைன்மேன் ஆதிமூலம் கருகிச் செத்த கம்பத்தின் உச்சியில் அன்று பிடித்த நெருப்பு அன்றோடு அணையவில்லை, மறுநாளும் அணையவில்லை, அவருடைய காரியம் முடிந்து பந்தல்காரர் வந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் அணையவில்லை. நீலமும் வெள்ளையுமாக, இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிற ஆள் உயரத்துக்கு, சடசடவென்று சத்தம் போட்டபடி அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சார ஆபீஸ்காரர்கள் வந்து லைனை நிறுத்திப் பார்த்தார்கள், எரிந்தது. கம்பியை வெட்டி எடுத்தார்கள், எரிந்தது. லைனை வேறு பாதையில் திருப்பிவிட்டு, கிரேன் கொண்டுவந்து கம்பத்தையே பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள், கம்பம் இருந்த இடத்தில் அது அந்தரத்தில் நின்று எரிந்தது. கிரேன்காரர் அண்ணாந்து பார்த்து, “நெருப்பப் புடுங்குறதுக்கு நமக்கு ஆர்டர் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அதன் பிறகு எங்கள் ஊர் அந்த நெருப்பைப் பார்த்து ஆச்சரியப்படுவதை நிறுத்திக்கொண்டு, இதனால் நமக்கு என்ன பிரயோசனம் என்று யோசிக்க ஆரம்பித்தது. எங்கள் ஊருடைய புத்தி அப்படிப்பட்டது.

முதலில் வந்தவர் பவுன்ராஜ். பஸ் ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த டீக்கடையை மூட்டை கட்டிக்கொண்டு விலக்குக்கு வந்து, நெருப்புக்குக் கீழே கீற்று வேயாமல் பந்தல்கால் மட்டும் நட்டு, நீளமான கம்பில் பால்சட்டியைக் கட்டித் தூக்கிக் காட்டினார், பால் பொங்கியது, அதிலிருந்து அவர் விறகுக்கும் கேஸுக்கும் தலை முழுகினார். பிறகு பெண்கள் பாயோடு வந்தார்கள், அடைமழைக் காலத்திலும் வடகமும் மோர்மிளகாயும் அங்கே மொறுமொறுவென்று காய்ந்தன. வெல்டிங் பட்டறைக்காரர் உடைந்த கலப்பையைச் சங்கிலியில் கட்டித் தூக்கிச் சும்மாவே ஒட்டவைத்தார். நேராகப் பார்த்தால் கண் எரிந்தது என்பதால் கறுப்புக் கண்ணாடி விற்க ஒரு கடை வந்தது, கல்யாண ஜோடிகள் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கே போட்டோ எடுத்தார்கள். பஸ் கண்டக்டர்கள் விலக்கு என்று சொல்வதை விட்டுவிட்டு, “நெருப்பு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க” என்றார்கள். யாரோ ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கு உண்டியல் வந்துவிட்டது. இந்த வெளிச்சம் மில் நிர்வாகத்தின் அன்பளிப்பு என்று நூல் மில் முதலாளி அங்கே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். அதையும் இரும்புச் சட்டம் அடித்துத்தான் வைத்தார், வெட்கம் என்கிற ஒன்று அவருக்குப் பிறக்கும்போதே கிடையாது.

இரும்புச் சட்டத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஆதிமூலத்தைக் கொன்றதில் அதற்கும் பங்கு உண்டு.

விலக்குக் கம்பங்களில் மேலே மில் லைன் போனது, கீழே ஊர் லைன் போனது. இரண்டுக்கும் சப்ஸ்டேஷனில் தனித்தனி பிரேக்கர். கம்பியும் கம்பியும் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆகிவிட்டால், ஊர் உலகத்து மின்சாரமெல்லாம் மடை உடைத்த தண்ணீர் மாதிரி அந்த ஒரே இடத்துக்குப் பாய்ந்து வரும். அது அங்கே போய்ச் சேர்ந்து எதையும் எரிப்பதற்குள், கண் இமைக்கிற நேரத்தில், தானாகத் திறந்து லைனை வெட்டிவிட வேண்டும் என்பதுதான் பிரேக்கருக்கு உள்ள ஒரே வேலை. ஆடிக் காற்றில் மரக்கிளை உரசும்போதெல்லாம் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, ஒவ்வொரு தடவை அது திறந்தபோதும் மில்லில் ஓடிய நூலெல்லாம் அறுந்து விழுந்தது, முதலாளி போனை எடுத்து, “என்னய்யா, போட்டு விடுய்யா” என்று கத்தினார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்த மாதம் அவர் சப்ஸ்டேஷனுக்குக் கத்துவதை விட்டுவிட்டு மின்சார ஆபீஸ் உதவிப் பொறியாளரான ஏ.இ. நந்தகோபனைப் பார்த்தார். ஏ.இ. வந்து, பணியில் இருந்த ஆபரேட்டர் குருவையாவிடம், மில் பிரேக்கருக்குள் போகிற டிரிப் வயரைக் கழற்றி வைத்துவிடச் சொன்னார். அந்த வயர் இல்லாவிட்டால், கையால் திறந்தால்தான் பிரேக்கர் திறக்கும், தானாகத் திறக்காது. குருவையா கழற்றினார், நுனியில் டேப் சுற்றினார், டீ குடிக்கப் போனார்.

குருவையா ஆதிமூலத்தின் மச்சினன். ஆதிமூலத்தின் மனைவி பேச்சித்தாய் அவருடைய உடன்பிறந்த தங்கை.

அன்றைக்குக் காலையில் ஆதிமூலம் ஊர் லைனில் வேலை செய்ய முறைப்படி அனுமதி கேட்டார். குருவையா ஊர் பிரேக்கரைத் திறந்துவிட்டு, அதன் கைப்பிடியில் சிவப்பெழுத்துத் தகரத்தைத் தொங்கவிட்டார். ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்று எழுதிய தகரம் அது. அந்தத் தகரம் தொங்குகிற கைப்பிடியைக் கலெக்டரே வந்து சொன்னாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். கம்பத்தில் ஏறியவர் கீழே இறங்கி, “ஆள் இறங்கியாச்சு” என்று தன் வாயால் சொன்னால்தான் தகரம் கழலும். எங்கள் ஊரில் கோயில் கதவுக்குக்கூட அந்த மரியாதை இல்லை. ஆதிமூலம் அந்தத் தகரத்தை நம்பித்தான் மேலே ஏறினார், அவர் தொட்டதும் செத்த கம்பியைத்தான். ஆனால் முதலாளி மகள் கல்யாணத்துக்கு விலக்கில் வைத்திருந்த ஃப்ளெக்ஸைக் காற்று இரும்புச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு போய் மேலே இருந்த மில் லைன்மீதும் கீழே இருந்த ஊர் லைன்மீதும் சேர்த்துப் போட்டது. அதில் அச்சடித்திருந்த பொண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தபடி கம்பத்தில் தொங்கினார்கள். மில் லைன் மின்சாரம் அவர் பிடித்திருந்த கம்பிக்குள் இறங்கியது, மில் பிரேக்கர் திறக்கவில்லை. சப்ஸ்டேஷன் பூராவும் அதிர, குருவையா ஓடிவந்து கையால் இழுத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் வயர் பழையபடி மாட்டப்பட்டுவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஏ.இ., “லைன் மாறி மில் லைன்ல கை வச்சிட்டார் சார், அஜாக்கிரதை” என்றார், அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். குருவையா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

பேச்சித்தாய்க்கு அந்த அஜாக்கிரதை என்ற வார்த்தைதான் அறுத்தது. வீட்டில் ஃபேன் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால்கூடக் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற மனுஷன் அவர். அவரைப் போய், ஏறத் தெரியாமல் ஏறிச் செத்தான் என்று ஊர் பேசுவதை அவளால் தாங்க முடியவில்லை. அவர் பேர்மேல் ஒட்டிய அந்தக் கரி போக வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வயர் விஷயம் அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் சொல்லமாட்டோம் என்பதில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒற்றுமை வேறெதிலும் கிடையாது.

அதனால் அவள் தினமும் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு விலக்குக்கு வந்தாள். நெருப்பைப் பார்க்காமல் குடையைச் சாய்த்துக்கொண்டு, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து வாய்க்கு வந்தபடி வைதாள்.

“எம் புருசன் வெந்த நெருப்புல டீ போட்டுக் குடிக்கீகளே, அது தொண்டைக்குள்ள எறங்குதா? வடகம் காயப் போட்டிருக்கவ எவடி? ஒம் புருசன் வேகும்போதும் பாயக் கொண்டாந்து விரி!”

முதல் சில நாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. பவுன்ராஜ் ஒரு நாள் அவளுக்கென்று பெஞ்சைத் துடைத்துப் போட்டு, “மதினி, ஏன் வெயில்ல நிக்கீக, இப்பிடி ஒக்காந்து வையிங்க” என்றார், தண்ணீரும் கொடுத்தார். அவள் வைகிற நேரத்தில் கடையில் கூட்டம் கூடுதலாக இருந்ததை அவர் கவனித்திருந்தார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் நெருப்பைப் பார்க்க வந்தால், அவள் வைவதையும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவள் வசவுகளில் நல்லதாக இரண்டு மூன்றை எங்கள் ஊர்ப் பெண்கள் குழாயடிச் சண்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் வெளியூர்க்காரன் ஒருவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்தம்மா எப்பங்க வைய ஆரம்பிக்கும்?” என்று பவுன்ராஜிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. அவள் குடையை மடக்கினாள், எழுந்து வீட்டுக்குப் போனாள், அதற்குப் பிறகு விலக்குக்கு வரவில்லை.

அவள் வாயை மூடியதற்கு மறுநாளிலிருந்து நெருப்பு வளர்ந்தது.

முதலில் ஒரு பனை உயரத்துக்குப் போனது, பிறகு பக்கவாட்டில் பருத்தது. உயர உயர அதற்குப் பசி எடுத்தது. வீடுகளில் பல்பு கங்கு மாதிரி சிவந்து மங்கியது, மிக்ஸியில் போட்ட தேங்காய் அப்படியே சுற்றிச் சுற்றி நின்றது, தோட்டத்து மோட்டார்கள் முனகி முனகிப் புகைந்தன, நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடத் தெம்பில்லாமல் ஃபேன்கள் தலைக்கு மேலே ஊர்ந்தன. ஷார்ட் என்பது அப்படித்தான் என்று சப்ஸ்டேஷன்காரர்கள் சொன்னார்கள், வெட்டிவிடாத வரைக்கும் எட்டின இடத்திலிருந்தெல்லாம் அது இழுக்கும், இங்கே தீர்ந்தால் அடுத்த ஊரிலிருந்து இழுக்கும். கடைசியில் மில்லில் நூல் சுற்றுகிற கதிர்கள் கிழவர் நடை நடந்தன, நூல் முறுக்கு ஏறாமல் பஞ்சாகவே வந்து விழுந்தது. அப்போதுதான் அந்த நெருப்பை அணைக்க வேண்டும் என்று எங்கள் ஊருக்குத் தோன்றியது.

தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு பேச்சித்தாய் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பவுன்ராஜ் வந்தார், உண்டியல்காரர் வந்தார், ஏ.இ. நந்தகோபன் வந்தார், முதலாளியே காரில் வந்து கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“மதினி, அண்ணனோட ஆத்மாதான் இப்பிடி நின்னு எரியுதுன்னு சொல்லுதாக. நீங்க வந்து ஒரு கும்பிடு போட்டு, போய்ட்டு வாங்கன்னு சொன்னீகன்னா அமந்துரும்” என்றார் பவுன்ராஜ்.

“அவுக எதுக்குப் போகணும்? யாருகிட்ட என்ன தப்புப் பண்ணாக?” என்று கேட்டாள் அவள். “இந்தா நிக்காரே ஏ.இ. சார், இவர வந்து அந்த நெருப்புக்குக் கீழ நிக்கச் சொல்லுங்க. வயரக் கழட்டச் சொன்னது நாந்தான், ஆதிமூலம் லைன் மாறலன்னு சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் கும்புடுதேன்.”

ஏ.இ. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். காருக்குள்ளிருந்து முதலாளி, விலக்கில் ஆதிமூலம் பேரில் ஒரு வளைவு கட்டித் தருவதாகச் சொன்னார், மார்பிள் போட்டு.

“வேல போயிரும்லா மதினி” என்று மெதுவாகச் சொன்னார் பவுன்ராஜ். “புள்ளகுட்டிக்காரரு.”

இதைக் கேட்டு ஊரில் பலர், ஆமாம், பாவம், என்றார்கள். செத்தவனுக்குச் சொல்லாத பாவத்தை, கொன்றவனுக்கு எவ்வளவு சீக்கிரம் சொன்னார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பேச்சித்தாய் தாம்பாளத்தை எடுத்தாள், பழத்தைத் தெருவில் படுத்திருந்த மாட்டுக்குப் போட்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் உச்சிவெயிலில் அவள் சப்ஸ்டேஷனுக்குப் போனாள். குருவையா ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். கொள்ளி வைத்த நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசியதில்லை. அவரைப் பார்த்தால் இந்த மாதங்களில் பத்து வயது கூடியது மாதிரி இருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

“அந்த வயர எனக்குக் காட்டு.”

“தாயி, இங்கெல்லாம் நீ வரக்கூடாது.”

“எம் புருசனக் கொன்னதப் பாக்க நான் வரக்கூடாதா? காட்டுண்ணே.”

அவர் எழுந்து கைகழுவினார். மில் பிரேக்கரின் இரும்புப் பெட்டிக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு மூலையில் சுண்டுவிரல் நீளத்துக்கு வளைத்து மாட்டியிருந்த சாம்பல் நிற வயரை விரலால் சுட்டிக் காட்டினார். அதன் நுனியில் டேப் சுற்றியிருந்த பிசுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “எந்தாலிக்கயிறு இதவிட மொத்தமா இருந்துச்சேண்ணே.”

குருவையா பெட்டிக் கதவைச் சாத்தப் போனார்.

“நீ கழட்டுனியா, இல்லியா? ஊருக்குச் சொல்ல வேணாம். ஆபீசுக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லு. ஒங் கையாலதான எனக்குக் கல்யாணத்துல தாரை வார்த்துக் குடுத்த, அந்தக் கைதான் கழட்டுச்சா?”

“கழட்டுனேன்” என்றார் அவர். பிறகு, யாரோ வெகுதூரத்தில் இருப்பவருக்குச் சொல்வது மாதிரி உரக்கக் கத்தினார். “நாந்தான் கழட்டுனேன்! ஏ.இ. சொன்னாரு, நான் கழட்டுனேன்! மாப்ள லைன் மாறல! ஊர் லைன்ல தகரம் தொங்குச்சு, நாந்தான் தொங்கவிட்டேன்! மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல!”

அப்போது அந்தப் பிரேக்கர், ஆதிமூலம் செத்த அன்று திறந்திருக்க வேண்டிய பிரேக்கர், யாரும் தொடாமலே டமாரென்று திறந்தது.

சத்தம் ஊர் முழுவதும் கேட்டது. விலக்கில் பவுன்ராஜ் கம்பில் கட்டித் தூக்கியிருந்த பால் பாதி பொங்கி அப்படியே அமர்ந்தது, அண்ணாந்து பார்த்தால் மேலே வெறும் வானம் இருந்தது. மில்லின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து நின்றது. எங்கள் ஊரில் பிறந்த பலர் அந்த இரைச்சல் நின்று உடனே திரும்பி வராத ஊரை அன்றுதான் கேட்டார்கள், காகம் கத்துவதுகூட யாரோ வீட்டுக்குள் வந்து கத்துவது மாதிரி இருந்தது.

உடனே போன் அடித்தது. மில்லிலிருந்துதான். குருவையாவுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம், போன் அடித்ததும் அவர் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. அவர் கை அங்கே போய்ச் சேர்வதற்குள் பேச்சித்தாய் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சிவப்பெழுத்துத் தகரத்தை எடுத்து மில் பிரேக்கரின் கைப்பிடியில் தொங்கவிட்டாள்.

குருவையா கையை இழுத்துக்கொண்டார்.

அதே வளாகத்தில்தான் ஏ.இ.யின் ஆபீஸ். அவர் ஓடிவந்தார். சிறிது நேரத்தில் முதலாளியின் காரும் வந்தது, இந்தத் தடவை முதலாளி இறங்கி வந்தார். கேட்டுக்கு வெளியே ஊர் கூடிவிட்டது.

“யார் இதைத் தொங்கவிட்டது? கழட்டுங்க, குருவையா” என்றார் ஏ.இ.

“என்னால முடியாது சார். தகரம் தொங்குது.”

“லைன்ல யாருமே இல்லையேய்யா!”

“இருக்காக” என்றாள் பேச்சித்தாய். “எம் புருசன் இருக்காக. மில் லைன்ல கை வச்சாகன்னு நீங்கதான சார் சொன்னீக? அப்ப அவுக மில் லைன்லதான இருக்கணும்? அவுக எறங்கிட்டேன்னு இன்னும் யாருகிட்டயும் சொல்லல. ஏத்திவிட்டது நீங்க. நீங்களே எறக்கிவிடுங்க.”

ஏ.இ. தானே போய்க் கழற்றுவதற்கு ஓர் அடி எடுத்து வைத்தார். கேட்டுக்கு வெளியே நின்ற லைன்மேன்களும் கம்பம் ஏறுகிற ஆட்களும் அவர் கையை மட்டும் பார்த்தார்கள். அவர் படித்து வந்தவர்தான், வயரைக் கழற்றச் சொன்னவர்தான், ஆனாலும் ஆள் ஏறியிருக்கிற தகரத்தை இத்தனை பேர் பார்க்கக் கழற்றுவதற்கு அவர் கை நீளவில்லை. போன் நின்று, மறுபடியும் அடித்தது.

கடைசியில் வாயைத் திறந்தவர் முதலாளி. ஆதிமூலத்துக்காக இல்லை, அந்த நினைப்பு யாருக்கும் வேண்டாம்.

“சொல்லித் தொலைங்கய்யா!” என்று ஏ.இ.யைப் பார்த்துக் கத்தினார். “அத்தனை நூலும் அறுந்து கெடக்கு. இன்னும் எம்புட்டு நேரம் நிப்பீக?”

ஏ.இ. அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை ஊரே பார்த்தது. யாருக்காக வயரைக் கழற்றினாரோ அந்த ஆளே பிடரியைப் பிடித்துத் தள்ளியதும் அவருக்குப் போக இடமில்லை. மேலாபீசுக்குப் போன் போடச் சொன்னாள் பேச்சித்தாய். அவர் போட்டார். வயரைக் கழற்றச் சொன்னது தான்தான் என்றார். ஆதிமூலம் மில் லைனில் ஏறவே இல்லை, அவருக்குக் கொடுத்த லைனில்தான் இருந்தார் என்றார். சத்தமாச் சொல்லுங்க சார் என்று அவள் சொன்னதும் சத்தமாகச் சொன்னார். ஊர் கேட்டது. தெரிந்த விஷயத்தைப் புதிதாகக் கேட்பது மாதிரி வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டது.

ஏ.இ. போனை வைத்தார்.

பேச்சித்தாய் மில் பிரேக்கருக்குப் பக்கத்தில் போனாள். தகரத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள். அது வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. அண்ணனைப் பார்த்து, ஆதிமூலம் ஒவ்வொரு நாளும் கம்பத்தை விட்டு இறங்கிச் சொல்கிற அதே வார்த்தையை, அவர் அன்றைக்குச் சொல்லாமல் போன வார்த்தையைச் சொன்னாள்.

“ஆள் எறங்கியாச்சு.”